உடுத்தியிருந்த சட்டையும் திருட்டு

நேற்று தீர்ப்பு சொன்ன கையோடு கோர்ட்டில் அரக்கு வைத்த அந்த உறையைப் பிரித்தார்கள். உள்ளே துவரம்பருப்பு அளவில் இரண்டு தோடு. பார்த்ததும் உன்மேல்தான் எனக்கு முதல் ஆத்திரம் வந்தது. செல்வி வழக்கைப் பாதியில் என் தலையில் கட்டிவிட்டு நெஞ்சுவலி என்று படுத்தாய், போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நாம் இருவரும் ஒரே அறையில் வக்கீல் தொழில் பார்த்தபோது, நீ மதியச் சாப்பாட்டை ஆறவிட்டுப் பழைய அமெரிக்க அடிமை வழக்குகளைப் படித்துக்கொண்டிருப்பாய். "இங்க பாருடி, ஓடிப்போன அடிமை உடுத்தியிருந்த சட்டைகூட எசமானுக்குச் சொந்தமாம். அதையும் திருட்டுன்னுல்ல சொல்லியிருக்கான்" என்றாய் ஒருநாள். "ஜட்ஜுக்கு மனசு கேக்கலையாம். அதை எழுதி வச்சுட்டு, ஆளை எசமான்கிட்டயே அனுப்பிட்டான். கேக்காத மனசை வச்சு என்ன செய்ய?" அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை, சாப்பிடு முதலில் என்று டப்பாவை உன் பக்கம் தள்ளினேன்.

அடுத்த மாதமே செல்வி வந்து நின்றாள். கல்லல் பக்கத்துப் பெண். தாய் தகப்பன் இல்லை. சின்ன வயதிலேயே ஒரு பெரிய வீட்டில் விட்டார்கள். சோறும் பழைய துணியும்தான் சம்பளம். வளர்ந்து ஆளானபின் ஒருநாள் சொல்லாமல் கிளம்பி, காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் காதிலேயே கிடந்த தோட்டைத் திருடிவிட்டாள் என்று அந்த வீட்டுக்காரம்மா புகார் கொடுத்தார்.

நீ அந்த அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்த நாள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

"வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்தோம்ங்கிறீக. காது குத்துனது யாரு?"

"நாங்கதான்."

"தோடு போட்டது?"

"நாங்கதான். பொங்கலுக்குப் போட்டு விட்டோம்."

"உங்க மக புருஷன் வீட்டுக்குப் போறப்ப, அவ காதுல கெடந்த தோட்டைக் கழட்டி வாங்குனீகளா?"

கோர்ட்டே உன்னைப் பார்த்தது. நாம் ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன், மடச்சி.

தீர்ப்பில் நீதிபதி என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? இந்தப் பெண்ணை நினைத்தால் மனம் வருந்துகிறதாம். ஆனால் நகைக்கடை ரசீது அந்த அம்மாவின் பெயரில் இருக்கிறதாம்; தோடு இரவல்தான் என்று அவர் சொல்வதை நம்பாமல் இருக்க முடியாதாம். எனவே குற்றவாளி. சிறை இல்லை, எச்சரித்து அனுப்புகிறார். தோடு அந்த வீட்டுக்கே போகிறது. இத்தனை வருடம் அங்கே பாத்திரம் துலக்கிய கைக்கு யாரிடம் ரசீது இருக்கிறது? அதை ஒரு வரி எழுதினாரா?

"ஜெயில் இல்லாமப் போச்சுல்ல, சந்தோசப்படுங்க" என்றார் பக்கத்து வக்கீல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு வேண்டும் இவர்கள் வருத்தம்? திருடி என்று எழுதிவிட்டுத் தலையைத் தடவிக் கொடுப்பார்களாம், நாம் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

வெளியே செல்வி வேப்பங்குச்சி செருகிய காதோடு நின்றாள். அழவில்லை.

"அப்பீல் போடுவீகளாக்கா?"

"போடாம விடுவேனா?"

"தோட்டை அவுகளே வச்சுக்கிறட்டும். நான் திருடலைன்னு மட்டும் கோர்ட்டு சொல்லணும்."

திங்கட்கிழமை சிவகங்கை மாவட்டக் கோர்ட்டில் அப்பீல் மனுப் போடுகிறேன். உன் நிதானம் எனக்கு வராது. பேச ஆரம்பித்தால் குரல் ஏறிவிடும். கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொல்லத்தான் அங்கே ஆட்கள் இருக்கிறார்களே. நான் அதைக் கொண்டுபோகத்தான் போகிறேன். அவளுக்காக என் கையில் இருப்பது அதுதான்.