நான் அழித்த நான்கு முகங்கள்

என் வாண்டுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், அப்பா தூங்கப் போன பிறகுதான் பேனாவை எடுக்க முடிந்தது. நாங்கள் நலம், நீயும் நலம்தானே என்று எப்போதும்போலத் தொடங்கத்தான் பார்த்தேன், அந்த இரண்டாவது பாதி எழுத வரவில்லை. இன்று அதை நிஜமான கேள்வியாகவே கேட்கிறேன், நீ நலமாடீ? போனில் கேட்டால் சூப்பரா இருக்கேம்மா என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவாய், நானும் நம்பித் தொலைப்பேன், அதனால்தான் கடிதம். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கோணல்மாணலாக இருந்தாலும் அப்படியே படி.

இங்கே அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஒர்க்‌ஷாப்பில் லாரிக்கு அடியில் படுக்காமல் நின்ற இடத்திலிருந்தே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார், மாடித் தண்ணீர்த்தொட்டி ஒழுகுவதும் ஒருவழியாக நின்றது. சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. இன்று காலை எங்கள் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது, முதலாளி வந்து, திருத்தின படத்தை மட்டும் வச்சுக்கிட்டு ஒரிஜினலை எல்லாம் தூக்கிப் போட்டுடும்மா, கல்யாண ஆல்பம் இறக்க இடமே இல்ல என்றார். நானும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன், உன் பெயர் போட்ட ஃபோல்டர் வந்தது, சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு அழிப்போமே என்று திறந்தேன். இந்தப் பத்து மாதத்தில் நீ அனுப்பிய நான்கு படங்களும், நான் கை வைப்பதற்கு முன்னால் இருந்தபடியே, பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. முதல் படத்தில் வேலை தேடி இங்கிருந்து போன என் பெண். இரண்டாவதில் தாடையோரம் முழுக்கச் சிவந்து பழுத்த பரு. மூன்றாவதில் கழுத்தைச் சுற்றிக் கறுப்பு, கண்ணுக்குக் கீழே பள்ளம். நாலாவதில் வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, உதடு வெளுத்து, முன்நெற்றியில் முடி விலகி, யாரோ ஒரு நோயாளி பொட்டு வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அந்த நான்கையும் ஏற்கெனவே பார்த்தவள் நான்தான். கொஞ்சம் க்ளீன் பண்ணி அனுப்பும்மா, விண்ணப்பத்துக்கு வேணும் என்பாய், நான் அன்றைய நாற்பது முகங்களோடு உன் முகத்தையும் சேர்த்துத் திருத்த உட்கார்வேன். எங்கள் வேலையில் முகத்தைப் பார்ப்பதே கிடையாது, மூன்று மடங்கு பெரிதாக்கி ஒரு பருவுக்கும் அடுத்த பருவுக்கும் நடுவில் இருக்கும் தோலைத்தான் பார்ப்போம், நல்ல இடத்திலிருந்து எடுத்துக் கெட்ட இடத்தில் பூசுவோம். மொபைல் கேமரா மட்டம், வெளிச்சம் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளுத்த உதட்டுக்கு நிறம்கூட ஏற்றியிருக்கிறேன். நீ கட்டிலிலிருந்து விழுந்தாயே, அந்த மோவாய்த் தழும்பை மட்டும் நான்கு படத்திலும் தொடவே இல்லை. அது என் மகளுடையது என்று கைக்குத் தெரிந்திருக்கிறது, மற்றதெல்லாம் யாருடையது என்று நினைத்தேனோ. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், நான் நானே முலாம் பூசிவிட்டு, பார்த்தீர்களா எப்படி மின்னுகிறாள் என்று அத்தை, சித்தி என எல்லோருக்கும் அனுப்பியவள்.

ஸ்டுடியோவுக்கு மேல்மாடியில் தோல் டாக்டரம்மா இருக்கிறார் இல்லையா, என் மகள் என்று சொல்லாமல் நான்கு படத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, படத்தை வச்சு நான் எதுவும் முடிவு சொல்ல மாட்டேம்மா, ஆனா களிம்பு தேடறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு என்ன சாப்பிடுது, எப்பத் தூங்குது, எதை நெனச்சுப் பயப்படுதுன்னு கேளுங்க என்றார். வாயோரம் வெடிப்பதற்கும் முடி கொட்டுவதற்கும் இரும்புச்சத்து குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாமாம், கழுத்துக் கறுப்புக்குச் சர்க்கரையைப் பார்க்க வேண்டுமாம், சரியான தூக்கமில்லாமல் கவலையும் சேர்ந்தால் சிலருக்குப் பரு இன்னும் கிளம்புமாம், நேரில் ஒரு டாக்டரிடம் காட்டி ரத்தம் சோதித்தால்தான் தெரியும் என்றார். அந்தக் கறுப்பு அழுக்கே இல்லை, தேய்த்தால் இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. மூன்றாவது படம் வந்த அன்று, கழுத்தை நல்லாத் தேச்சுக் குளிடீ என்று உனக்குச் செய்தி போட்டவள் நான். நீயும் சரிம்மா என்று ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினாய். உன் அத்தை கொடுத்தாள் என்று லேபிள் இல்லாத க்ரீம் டப்பா ஒன்று பார்சலில் வைத்தேனே, அதைத் தொடாதே, டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டு.

படி இறங்கி வரும்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஒவ்வொரு படமும் ஒரு வேலைக்கான விண்ணப்பம். முதல் வேலை கிடைத்திருந்தால் இரண்டாவது படம் எதற்கு? மூன்று இடத்திலாவது இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், நாலாவது என்ன ஆனதோ, நாலு முறையும் எங்களிடம் கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிம்மா என்றிருக்கிறாய். அப்படியானால் எந்த வருமானத்தில் சாப்பிடுகிறாய், என்ன சாப்பிடுகிறாய்? பாக்கெட் நூடுல்ஸும் காப்பியுமா? ராத்திரி வேலை எதற்காவது போகிறாயா? வயிற்றில் உன்னை வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சை எழுதியவள் நான், என் முகம் அப்போது பருவால் அம்மை போட்ட மாதிரி இருக்கும், பயம் தோலில் எப்படி எழுதும் என்று எனக்குத் தெரியாதா. தோற்றுப்போனதற்காக உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. திரும்பி வருகிறேன் என்றாலும் வா, அங்கேயே இருந்து பார்க்கிறேன் என்றாலும் இரு, ஆனால் தட்டில் சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு முட்டை இருக்கட்டும், அதற்கு வேண்டிய பணத்தை அப்பா நாளை காலை அனுப்புகிறார்.

அப்பாவிடம் சொன்னபோது, இன்ஜின் சூடாகி சிவப்பு விளக்கு எரியுது, நீ விளக்கைக் கழட்டி வச்சிட்டு வண்டி ஜோரா ஓடுதுன்னு சொல்லியிருக்கியே என்றார். திட்டித் தீர்க்கப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் ஸ்டூல் போட்டு ஏறி, ஹாலில் மாட்டியிருந்த உன் படத்தைக் கழற்றிச் சட்டத்திலிருந்து உருவிவிட்டு, வெறும் சட்டத்தைத் திரும்ப மாட்டினார். அது என் கைவேலை, உன் முகம் இல்லை. முழங்காலோடு எப்படி ஏறினாரோ.

நாளைக் காலை ஜன்னல் ஓரம் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு, பருவும் வெடிப்புமாக எப்படி இருக்கிறாயோ அப்படியே. ஒரு புள்ளிகூடத் தொட மாட்டேன், அதைத்தான் மாட்டுவோம். நல்லாயிரு தங்கம், நூறு வருஷம் நோய்நொடியில்லாமல் இரு. ரத்தப் பரிசோதனையை மறந்துவிடாதே, வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். இதைப் படித்ததும் சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா