வெள்ளிக்கிழமைக் கப்பல்

தரங்கம்பாடி,
கார்த்திகை 3

அன்பு மகள் பூமிகாவுக்கு அப்பா எழுதுவது.

போன் நாலு வார்த்தைக்குள் அறுந்துவிடுகிறது. அதனால் இதை எழுதி, பக்கத்து வீட்டு வானதியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நிக்கோபார்க் கோடியில், உன் காம்ப்பெல் பேயில் சிக்னல் கிடைக்கிறபோது படித்துக்கொள்.

உனக்குப் பிரஷர் ஏறியிருப்பதால் பிரசவத்துக்குப் போர்ட் பிளேயர் போயே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதை மாப்பிள்ளை சொன்னார். வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைத்ததாம். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று நாள் வரிசையில் நின்றிருக்கிறார்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். போன வாரம் நானும் புறப்பட்டேன். நீ இறங்கும்போது எதிரே நிற்கவேண்டும் என்று போர்ட் பிளேயர் கப்பலுக்கு டிக்கெட் எடுத்து, சென்னைத் துறைமுக வாசல் வரை போய்விட்டேன். அங்கே வானதியின் போன் வந்தது. "மாமா, டயாலிசிஸ்ல அத்தைக்கு மூச்சுத் திணறுது, உடனே வாங்க" என்றாள். திரும்பிவிட்டேன்.

அம்மா இப்போது தேறிவிட்டாள். ஆனாலும் வாரம் மூன்று நாள் அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக என்னை விட்டால் ஆளில்லை. அவளோ, "என்னை விட்டுட்டுப் போங்க, புள்ள தனியா வருதுங்க" என்று அழுகிறாள். நான் எந்தப் பக்கம் போவது, சொல்.

பயணத்துக்கு வேண்டியதைக் குறித்துக்கொள். கப்பல் வடக்கே வருவதால் வாடைக்காற்று நேர் எதிரே அடிக்கும். முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். நடுக்கப்பலில் கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்கு. வயிற்றுப்பிள்ளைக்காரி என்றால் யாரும் மாற்றிக்கொடுப்பார்கள், வெட்கப்படாமல் கேள். வயிற்றைக் காலியாக விடாதே, பொரி வைத்துக்கொள். பிரஷர் மாத்திரையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். நடுவழியில் கமோர்ட்டா தீவில் ஆட்கள் ஏறி இறங்குகிற நெரிசலில் எழுந்திருக்காதே. என்னோடு படகில் வந்த அமிர்தலிங்கம் போர்ட் பிளேயரில்தான் குடியிருக்கிறான். கப்பல்துறைக்கு மனைவியோடு வந்து உன்னை அழைத்துப்போவான்.

முப்பத்தைந்து வருஷம் கடலுக்குப் போனவன் நான். இந்த மாதத்துக் கடலைத் தெரிந்துகொண்டே உன்னை ஏறச் சொல்கிறேன். அங்கேயே இரு என்று சொல்லத் துணிவில்லை. ஏறு என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

ஏறிவிடு, தங்கம். இரண்டு உயிராகப் புறப்படுகிறவள் இரண்டு உயிராகவே கரை சேரவேண்டும். நீ இறங்கிவிட்டாய் என்று யாராவது சொல்லும்வரை நான் இங்கே கரையில்தான் நிற்பேன். அதனால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் நிற்பேன்.

உன் அப்பா,
சிங்காரவேலு