என் பெயரில் விளையாடும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

மூளைக்கு வேலையாக இருக்கட்டும் என்று, படங்களை ஜோடி சேர்க்கும் அந்த இலவச விளையாட்டை என் கணக்கிலேயே உன் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். நீ என் மானத்தை வாங்குகிறாய்!

நேற்று கிடங்கு மேனேஜர் கத்தினார். “வேலை நேரத்துல கேம் ஆடுறியா? உன் பேரு ஆன்லைன்ல இருக்கே!” அவரும் அறைக்குள் அதைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

“அது எங்கம்மா சார்.”

“தினமும் பாயிண்ட்ல என்னைத் தோக்கடிக்கிறது உங்கம்மாவா?”

இப்போது அதற்கும் என்னைத்தான் முறைக்கிறார்.

உனக்குத் தனிக் கணக்கு போட நினைத்தேன். வேண்டாம். மதியம் தனியாகச் சாப்பிடும்போது அதைத் திறந்தால், நீ பக்கத்தில் இருப்பது போல இருக்கிறது. ஆனால் எல்லா ஆட்டத்தையும் நீயே முடித்து வைத்திருக்கிறாய். மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். நாளைக்கு ஒரே ஒரு ஆட்டத்தையாவது பாதியில் விட்டு வை. மிச்சத்தை நான் ஆடுகிறேன்.

உன் மூத்தவள்