அப்பாவின் அரைக் கண்

அன்புத் தம்பி கியுசொக்குக்கு,

அக்கா ஹேரிம் எழுதுவது. நொன்சான் ராணுவப் பயிற்சி முகாமில் குளிர் கடுமை என்கிறார்கள். காலுறை இரண்டாகப் போட்டுக்கொள்.

வீட்டில் முதல் பட்டதாரி என்று பெயர்தான். நேர்முகத் தேர்வுக்குப் போன இடமெல்லாம், "நேத்து தூங்கலையா?" என்றே கேட்டார்கள். போன வாரம் சியோலில் இமையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். கண்ணைச் சுற்றி மட்டும் மரக்க ஊசி. பாதியில் உட்காரவைத்து, கண்ணைத் திறக்கச் சொன்னார் டாக்டர். திறந்தேன். "நல்லாத் திறம்மா." இதுதான் முழுசு என்றேன். அவர் உதவியாளரிடம், "இமையைத் தூக்குற தசையில பாதி கொழுப்பு. மிச்சமும் ஒரு பக்கமா ஒதுங்கி ஒட்டியிருக்கு. தசை நாருல பாதிப் பேர்தான் வேலைக்கு வந்திருக்காங்க" என்றார். பிறவியிலேயே இப்படியாம். வீட்டில் வேறு யாருக்கு உண்டு என்று கேட்டார்.

அப்பா மோவாயைத் தூக்கிக்கொண்டு பஸ் ஓட்டியதைச் சொன்னேன். இமை அவ்வளவு இறங்கினால் மேலே இருப்பது மறையும், சிக்னல்கூடத் தப்பும் என்றார். இமையில் தையல் நூல் இழுபடுவது மட்டும் தெரிந்தது.

போன வருஷம் அப்பாவின் பஸ் சிவப்பு விளக்கைத் தாண்டி அந்த டெலிவரிக்காரர் மீது மோதிய நேரம், பஸ் கேமராவில் அவர் கண் மூடியிருப்பதாகத் தெரிந்தது. தூங்கிவிட்டார் என்றது கம்பெனி. நாமும் நம்பினோம். அவரே நம்பி, இறந்தவரின் அம்மா முன்னால் மண்டியிட்டார். தூங்குமூஞ்சியை அப்பா என்று கூப்பிட மாட்டேன் என்று நீ சொன்னதும் அன்றுதான்.

நேற்று குன்சான் போனேன். சந்தையில் அப்பா கூலிக்குச் சிப்பி உரித்துக்கொண்டிருந்தார். வீங்கிய என் கண்ணைப் பார்த்து, "யாருகிட்ட அடி வாங்கின?" என்றார். எல்லாம் சொன்னேன். டாக்டரிடம் காட்டினால், தூங்கவில்லை என்று நிரூபிக்கலாம் என்றேன். அவர் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை.

"தூங்கினேன்னே இருக்கட்டும்மா. முழிச்சிருந்தே அந்தப் பிள்ளைய இடிச்சேன்னா, அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

பிறகு சூப் வாங்கித் தந்தார். இருவரும் குடித்தோம்.

என் கண் இப்போது பெரிதாகத் திறக்கிறது. தூங்கும்போதுதான் முழுதாக மூடவில்லை. களிம்பு போட்டுக்கொள்கிறேன்.

உனக்கும் அதே கண்தான். காவல் நிற்கையில் யாராவது திட்டினால், விழித்துத்தான் இருக்கிறேன் என்று சொல்.

அப்பாவிடம் இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். நீயும் எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் தருவார்களாமே, அவரைக் கூப்பிடு. அப்பா, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள். போதும்.

உடம்பு நோகாமல் திரும்பி வா.

உன் அக்கா
ஹேரிம்