பொன்னுசாமி சொன்ன சாட்சி

1974, ஆவணி. வெள்ளிக்கிழமை இரவு.

என் இடது காது பீரங்கிச் சத்தத்தில் போனது. பட்டாளத்தில் சேரும் முன்பே அது பழுது என்று சொல்லி, ஊனப் பென்ஷனை மறுத்துவிட்டார்கள். அப்பீல் போட்டிருந்தேன். அதை விசாரிக்க இன்று தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். முன்பு எனக்குக் காது நன்றாகக் கேட்டதற்கு யார் சாட்சி என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்கிற காதுக்கு எவனாவது சாட்சி வைத்துக்கொள்வானா?

அப்போது பங்காளி பொன்னுசாமி உள்ளே வந்தார். பொதுக் கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில், நான் பட்டாளத்துக்குப் போவதற்கு முன்பிருந்தே எங்களுக்குள் பேச்சில்லை. காரியத்தைக் கெடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"இவனுக்கு அப்பப் பாம்புக் காதுங்க. இவன் முறைத் தண்ணிய நான் சத்தமில்லாம என் வாய்க்காலுக்குத் திருப்புனனுங்க. ஊட்டுக்குள்ள படுத்திருந்தவன், தண்ணி போற சத்தம் மாறுனதக் கேட்டு ஓடியாந்து புடிச்சுப்புட்டானுங்க. அந்தக் காதையா பழுதுங்கறீங்க?"

வரப்பு தானாக உடைந்தது என்று இத்தனை வருஷமும் சாதித்த மனிதர், வேடிக்கை பார்க்க வந்த ஊரார் முன்னால் இதைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். பென்ஷன் வருமோ வராதோ தெரியாது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

போகும்போது என் இடப்பக்கமாகத்தான் போனார். "உங்ககிட்ட என்னமோ சொல்லிட்டுப் போனாருங்க" என்கிறாள் என் சம்சாரம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பதில் சொல்லாமல் நின்றிருக்கிறேன். காலையில் முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போய், அவருக்கு இடப்பக்கமாக உட்கார வேண்டும். என் வலது காதுக்கு இன்னொரு தரம் சொல்லட்டும்.