கெளுத்தி பெயர்த்த தாமரை

நன்மை பெருகுக. நீர்நிலைகள் நிறைந்திருக்க.

முளரி நாட்டின் ஏழு கோட்டங்களுக்கும் உரியவளும், தாமரைக் கொடி உயர்த்தியவளும், கணவர் மறைந்தபின் ஆறாண்டுகளாக அரியணை காப்பவளுமாகிய ஒளிமாநங்கை, வடவெல்லைக் கருங்கற்கோட்டையில் காவலில் இருக்கும் நீர்த்தோட்டக்காரி சேந்திக்குத் தன் கையால் எழுதி விடுக்கும் ஓலை.

ஓலை பெறுபவரின் நாட்டை முதலில் வாழ்த்துவது மரபு. நினக்கு நாடு இல்லாமற் செய்யும்படி ஆணையிட்டவள் நான், எதை வாழ்த்துவேன்? பதினான்கு ஆண்டுகள் நீ ஆண்ட நீர்மண்டபத்துக் கல்தொட்டியை வாழ்த்துகிறேன். அதன் நீர் தெளிந்திருக்கட்டும். அதிலுள்ள பெருங்கெளுத்திகள் இரண்டும் நலம். நாம் எல்லோரும் எண்ணியிருந்ததைவிட மிகவும் நலம்.

சேந்தி, இது எழுத்தாணி பிடித்துப் பழகாத கை. எழுத்துக்கள் கோணியிருந்தால், படிப்பவர் பொறுத்துக்கொள்ளட்டும். நான் கண்டதைக் கண்டபடி சொல்கிறேன்.

அமாவாசையன்று உச்சிப்பொழுதில் கதிரவனை நிழல் பற்றியது. அரண்மனையில் கதவுகள் எல்லாம் அடைக்கப்பட்டன. ஆட்கள் உள்ளறைகளுக்குள் ஒடுங்கினர். கிரகணம் விட்டதும் நீராடுவதற்காக நான் மட்டும் நீர்மண்டபத்தில் நோன்புடன் அமர்ந்திருந்தேன். வெளிச்சம் சிறிது சிறிதாகக் குறைந்து, விளக்கேற்றும் வேளைபோல் ஆயிற்று. இருள் என்று சொல்ல முடியாது. தொட்டியின் அடிமணல்வரை எனக்குத் தெரிந்தது.

அப்போது, பகலெல்லாம் தவமுனிவரைப்போல் கல்விளிம்பின் கீழ் அசையாது கிடக்கும் அந்த மீன்கள் வெளியே வந்தன. பெரியது தன் மீசையால் மணலைத் தடவித் தடவித் தாமரையின் அடியைக் கண்டது. தட்டைத் தலையைக் கிழங்கின்கீழ் நுழைத்து, காளை கொம்பால் மண்ணைக் குத்துவதுபோல் ஒரே முட்டாக முட்டித் தூக்கியது. மற்றது வாலை ஒரு வீச்சு வீசியது. வெற்றிலை ஒன்றை மெல்லும் நேரம் ஆகியிருக்காது. நீ போனபின், அன்று காலையில்தான் எட்டாம் முறையாக நட்ட தாமரை, இலைகள் கவிழ்ந்து, வேர்கள் வானம் பார்க்க மிதந்து வந்தது. மீண்டும் வெளிச்சம் வந்தபோது இரண்டும் கல்லின்கீழ் போய்க் கண் கொட்டாமல் கிடந்தன. ஒன்றும் அறியாதவை போல.

நான் கூவினேன். காவலரை அழைக்கவில்லை; தோழியரை அழைக்கவில்லை. என் வாயில் வந்தது நின் பெயர். மண்டபம் அதைத் திருப்பிச் சொன்னது. அதன்பின்தான் நீ எங்கே இருக்கிறாய் என்பது நினைவுக்கு வந்தது.

இத்தனையும் நீ அவையில் சொன்னாய். ஆழ்கய நாட்டு மன்னர் சமாதானத்தின் அடையாளமாக அனுப்பிய மீன்கள் வந்த அன்றே, ஆள் நீளம் வளரும் கெளுத்தியோடு தாமரை வேண்டாம் என்றாய். தாமரை நம் கொடி என்று நான் சொன்னதற்கு, இந்தப் பிராணிக்குக் கொடி ஏது, கோட்டை ஏது, தேவி, மணல்தான் அதற்குப் பாய், பாயை உதறாமல் யார் படுப்பார் என்று நீ கேட்டாய். அந்தத் துடுக்கை நான் அன்றே மனத்தில் குறித்து வைத்தேன்.

ஏழு விடியல்களில் ஏழு தாமரைகள் மிதந்தன. மண்டபத்துச் சாவி நின்னிடம் மட்டும் இருந்தது. எதிரியின் மீன் வாழும் தொட்டியில் நம் மலரைப் பிடுங்கியெறிபவள் எதிரியின் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவை முடிவு கட்டியது. மீன்தான் செய்கிறது என்று நீ சொன்னபோது, மீசை இருப்பதால் மீனைத் திருடன் என்கிறாளா இவள் என்று அமைச்சர் மாறங்கீரனார் கேட்டார். அவை சிரித்தது. சேந்தி, நானும் சிரித்தேன். விளக்கோடு காவலர் பார்த்தபோது மீன்கள் அசையவில்லை; விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்றாய்; விளக்கில்லாமல் எதைப் பார்ப்பது என்று மீண்டும் சிரித்தோம். நின் நகக்கண்களில் சேறு இருந்ததைச் சான்றாக எடுத்துக்கொண்டேன். நீர்த்தோட்டம் காப்பவளின் நகக்கண்ணில் வேறென்ன இருக்கும்?

வரும் முழுநிலவன்று நின்னை எல்லைக்கு அப்பால் துரத்திவிட வேண்டும் என்பது ஆணை. அந்த ஆணையில் முத்திரை வைத்தபோது என் நெஞ்சு கனக்கவில்லை. என்னைத் திகைக்க வைப்பது மீனின் செயலைவிட இதுவே. குற்றவாளி கிடைத்துவிட்டாள் என்றதும் எனக்கு ஓர் இளைப்பாறுதல் உண்டாயிற்று. கணவர் இறந்த நாள்முதல் எந்தத் திசையிலிருந்து கேடு வரும் என்று அறியாமல் அஞ்சிக்கொண்டிருந்த எனக்கு, அச்சத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்தது நின் முகம். அன்றிரவு நன்றாக உறங்கினேன். அதை எழுதாமல் விட்டால் இந்த ஓலை பொய்யாகிவிடும்.

ஓலைநாயகம் இதை எழுத மறுத்தார். அரச ஓலையில் பிழை என்னும் சொல் வரும் வழக்கமில்லை என்றார். வழக்கத்தை அவரிடமே விட்டுவிட்டு, எழுத்தாணியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு மண்டபத்தின் பின்புறம் நீ வேலை செய்யும் மூலைக்குப் போனேன். நின்னைச் சிறைபிடித்த நாளில் விட்டது விட்டபடி இருந்தது. ஒரு தாழியில் ஆகாயத்தாமரை மிதந்தது. மண்ணைத் தொடாமல் வாழும் செடிக்கு, மண்ணைக் கிளறும் மீனால் என்ன கேடு? நிழலில், நீர்த்தொட்டிக்குள் ஒரு கருங்கல். அதன்மேல் பருத்தி நூலால் கட்டிய நீர்ப்பெரணி. நின் கை கட்டிய முடிச்சு. வேர்கள் கல்லின் வெடிப்புகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்தன. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் நீ இந்த மீன்களுக்கு ஏற்ற பசுமையைத் தேடிக்கொண்டிருந்தாய்.

பெரணிக் கல்லை நானே தூக்கிக் கல்தொட்டியில் இறக்கினேன். மறுநாள் அந்திக்கருக்கலில் விளக்கின்றி அமர்ந்து பார்த்தேன். பெரிய மீன் வந்து முட்டியது. பெரணி ஆடியது, அடங்கியது, நின்றது. எனக்குக் கண்ணீர் வந்தது.

துணிவு பெற்று, அந்த மூலையில் இருந்த ஆம்பல் சட்டியையும் இறக்கினேன். கல்லால் வாயை மூடினால் வேர் தப்பும் என்று நீ சொன்னது நினைவில் இருந்தது. எந்தக் கல் என்பது நினைவில் இல்லை. அழகுக்காக வெண்கூழாங்கற்களைப் பரப்பினேன். விடிவதற்குள் அவை தொட்டியெங்கும் சிதறிக் கிடந்தன, ஆம்பல் போயிற்று. மீனின் தலையைவிடப் பெரிய கல்லாக இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சரிதானா என்று கேட்க ஆளில்லை.

இனி ஆணை. கருங்கற்கோட்டைத் தலைவர் வேளூர்ச் சாத்தனார் அறிவாராக: சேந்தி குற்றமற்றவள். முன் அனுப்பிய ஆணையை இந்த ஓலை அழிக்கிறது. தண்டனையைப் படித்த அதே முற்றத்தில், அதே முரசை அறைந்து, இந்த ஓலையை ஒரு சொல்லும் விடாமல், நான் சிரித்ததையும் சேர்த்து, உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் கோட்டை வாயிலைத் திறந்து வைக்க வேண்டும். சேந்தி எந்தத் திசையில் நடந்தாலும் தடுத்தல் கூடாது. அவள் கேட்டால் மட்டும் பல்லக்கும் துணையும் தருக.

சேந்தி, நினக்கு ஆணை ஏதும் இல்லை. ஒரு கேள்விதான் உண்டு. பெரணியைக் கட்டிய நூல் இன்னும் கல்லில் இருக்கிறது. வேர் முழுதாகப் பிடித்துவிட்டதா, பிடிக்கவில்லையா என்று எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. முன்னதாக அறுத்தால் செடி போகும். அறுக்காமல் விட்டால் நூல் தண்டை வெட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தினமும் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு போய், அறுக்காமல் திரும்பி வருகிறேன். வர மனமிருந்தால் வந்து சொல். மனமில்லையென்றால், எப்போது அறுப்பது என்பதை இந்த ஓலை கொண்டுவரும் குதிரைவீரனிடமாவது சொல்லியனுப்பு.

ஆட்சியாண்டு ஆறு, கிரகணம் கழிந்த ஐந்தாம் நாள், நீர்மண்டபத்திலிருந்து. வாயிற்காவலருக்காகத் தாமரை முத்திரை இட்டேன். நினக்காக, அதன் கீழே, சேறு படிந்த என் கட்டைவிரலைப் பதித்தேன்.