விதை போட்டது நான்தான்

செட்டிகுளம் அஞ்சல்,
தாரண வருஷம், வைகாசி 11

அன்பு மகன் தமிழழகனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் பசுவும் கன்றும் நலம், ஒரு வழியாக மழையும் பெய்து கிணற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே குவைத் வெயிலில் நீயும் உன் அறையில் இருக்கிற பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க நம் மலைமேல் முருகன் பார்த்துக்கொள்வான். தண்ணீர் நிறையக் குடி. நீ காலையில் வெறும் டீயோடு வேலைக்குப் போவதாக அம்மாவுக்கு ஒரு சந்தேகம், அது பொய்யாக இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தம் பூத்துக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். ஏம்ப்பா, முதல் ஏரை அம்மாகிட்ட குடுத்துட்டு நீங்க மடியில விதையைக் கட்டிக்கிட்டு பின்னால போனீங்களாமே, ஊரே சிரிக்குதாமே, எனக்கு வரவேண்டிய ஏரை இப்படிப் பண்ணிட்டீங்களேன்னு கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் கார்டு தீர்ந்து போனது. லீவில் வந்துவிட்டுத் திரும்பிய குழந்தைவேல்தான் அங்கே வந்து சொல்லியிருப்பான், வேறு யார். அவன் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் மரத்தின் நுனியை மட்டும் காட்டியிருக்கிறான். வேரிலிருந்து நான் எழுதுகிறேன், உட்கார்ந்து நிதானமாகப் படி, படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

போன ஐப்பசியில் பெரம்பலூரிலிருந்து ஒரு மேடம் ஜீப்பில் வந்தார். ஆணும் பெண்ணும் சரிசமமாக வருவதற்கென்றே அரசாங்கம் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறது, உங்கள் மகளிர் குழுவுக்கு என்ன வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுக் கேட்டார். அம்மாதானே குழுத் தலைவி, எல்லோரும் கறவை மாடு என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தார்கள். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, எதையும் கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது, பள்ளிக்கூடத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேடம் மாட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, அது இருக்கட்டும், உங்க ஊர்ல ஆம்பளைங்க மட்டுமே செய்யுற வேலை என்னன்னு கேட்டார். எதிர்வீட்டு ஆண்டாயி சும்மா இருப்பாளா. களை எடுக்குறோம், வெங்காயம் புடுங்குறோம், பருத்தி எடுக்குறோம், மூட்டை கூடத் தூக்குறோம், ஏர் ஒண்ணுதான் புடிக்கிறதில்லன்னு சொன்னாள். சொல்லிவிட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தை மாதம் பொங்கல் கழித்து ஒரு வண்டி வந்தது. மாடு வருகிறது என்று கயிறு கூடத் திரித்து வைத்திருந்தார்கள். இறங்கியது பவர் டில்லர், பின்னால் கலப்பை மாட்டியது. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதிப் பணம் அரசாங்கம் சும்மா கொடுத்தது, மீதி குழுவின் பேரில் பேங்க் கடன். நான் நேராக மேடத்திடமே போய், ஏம்மா, மாடு கேட்டவங்களுக்கு எதுக்கு மெஷினுன்னு கேட்டுவிட்டேன். அதற்கு அவர், மாடு வாங்கிக் குடுத்தா சாணி அள்ளுற வேலைதான் அவங்களுக்குக் கூடும், அதுல சமம் எங்கேங்க வருதுன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எனக்கு அகப்படவில்லை. நீ படித்தவன், உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அப்புறம் அம்மாவும் ஆண்டாயியும் அரியலூரில் போய்த் தங்கி மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதுவரை நான் வைத்த ரசத்தை நாய் கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது, அது வேறு கதை. அம்மா திரும்பி வந்தபோது உள்ளங்கை எல்லாம் கொப்புளம், ஆனால் ஹேண்டிலை ஒரே சுழற்றில் ஸ்டார்ட் பண்ணுகிறாள். நான் ஒளிந்து ஒருநாள் முயன்று பார்த்தேன், என் தோள்பட்டைதான் ஸ்டார்ட் ஆனது. ஓட்டத் தெரிந்து என்ன பிரயோசனம், ஊரில் ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பெண் ஏரைத் தொட்டால் மழை பொய்க்கும் என்று பேச்சு. மேடம் வந்து, ஆடி வரைக்கும் பாப்போம், சும்மாவே நின்னா வேற ஊர்க் குழுவுக்கு மாத்திடுவாங்க, கேக்குறவங்க நிறைய இருக்காங்கன்னு சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா வாய்விட்டு எதையும் சொல்லுகிறவள் இல்லை. தினமும் காலையில் போய், ஆண்டாயியின் பழைய சேலையால் மூடி வைத்திருந்த அந்த மெஷினைத் துடைத்துவிட்டு வந்து, பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாள். தலைவி என்று அவள் சொல்லித்தானே இத்தனை பெண்களும் கடனுக்குக் கைநாட்டு வைத்தார்கள். அந்த நினைப்பு அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த நிலைமையில் சித்திரை வந்துவிட்டது. சித்திரை முதல் தேதி பிள்ளையார் கோயில் நிலத்தில் வருஷத்து முதல் உழவாகப் பொன்னேர் பூட்டுவதும், முதல் ஏர் நம் வீட்டுடையது என்பதும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வறட்சியில் நம் உழவு மாட்டுச் சோடியை விற்றுவிட்டேன், அந்த வயிற்றெரிச்சலைத் திரும்ப எழுத வேண்டாம். இரவல் மாட்டைக் கொண்டு பொன்னேர் பூட்டக் கூடாது என்பது ஊர் வழக்கம். உன் சித்தப்பா சிங்காரவேலு வந்து, அண்ணே, இந்த வருசம் நான் முன்ன பூட்டிக்கிறேன், நீங்க மாடு வாங்கினதும் பாத்துக்கலாம்னு பக்குவமாகத்தான் சொன்னான். பங்காளிக்கு விட்டுக்கொடுத்த இடம் திரும்பி வந்ததாக எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

எனக்கு ஒரு யோசனை உதித்தது. மாடு இல்லாவிட்டால் என்ன, மெஷின் இருக்கிறதே, பொன்னேர் அன்றைக்கு நான் ஓட்டுகிறேன், நம் இடமும் நிற்கும், உன் மெஷினும் ஊர் பார்வைக்கு வரும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? அது குழு மெஷினுங்க, பொம்பளைங்க மட்டுந்தான் ஓட்டணும்னு ஒத்துக்கிட்டுத்தான் வாங்கியிருக்கோம்னாள். ஒரு சுத்துதானே, யாரு பாக்கப் போறான்னேன். பொன்னேரை ஊரே நின்னு பாக்கும், யாரு பாக்கப் போறான்னா கேக்குறீங்கன்னு திருப்பிக் கேட்டாள். கூத்தைப் பார். என் வீட்டு ஏரை ஓட்ட எனக்கு உரிமை உண்டு, மெஷினைத் தொட வழியில்லை. அவளுக்கு மெஷின் உண்டு, ஏரைத் தொட வழியில்லை.

சரி, பெண் ஏன் தொடக் கூடாது, அதையாவது தெரிந்துகொள்வோம் என்று ஊர்ப் பெரியவர்களை ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். ஒருத்தர் மழை என்றார். ஒருத்தர் பூமாதேவி பொம்பளை, பொம்பளைய பொம்பளை கீறக் கூடாது என்றார். அப்ப களைக்கொத்தை வெச்சு நாள் பூராவும் கொத்துறாங்களே, அது கீறலா தடவலான்னு கேட்டேன், போய் வேலையைப் பாருடா என்று விரட்டிவிட்டார். இன்னொருத்தர் எங்க அப்பன் சொன்னாரு என்றதோடு சரி. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதோடு ஒட்டவில்லை. ஒன்றாகவே சொல்லியிருந்தால் நான் பயந்துதான் இருப்பேன். வீட்டுக்கு வந்து, சிந்தாமணி, முதல் ஏரை நீயே ஓட்டுன்னு சொன்னேன். அவள் போய் மெஷினுக்கு டீசல் ஊற்றிவிட்டு வந்தாள்.

சித்திரை ஒன்று காலை, மிச்சம் இருக்கிற சோடிகள் கொம்புக்குப் பூச்சுற்றி மஞ்சள் பூசி நின்றன. அதற்கு முன்னால் நம் மெஷின், அதற்கும் மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள். அம்மா கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியில் கை வைத்தாள். சிங்காரவேலு குறுக்கே வந்து நின்றுவிட்டான். அண்ணி, கோவிச்சுக்காதீங்க, பொம்பளை ஏரைத் தொட்டா மழை பொய்க்கும், ஊரு வயித்துல அடிக்காதீங்கன்னான். அப்போது ஆண்டாயி, ஏங்க, மூணு வருசமா நாங்க தொடாமத்தானே இருந்தோம், மழை எங்கே பெஞ்சுதுன்னு கேட்டாளே பார்க்கலாம். பூசாரிதான் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும்.

சிங்காரவேலு கெட்டவன் இல்லை, அவன் சிரிக்கவும் இல்லை, யோசித்தான். சரி அண்ணே, அவங்களே ஓட்டட்டும், முதல் ஏருக்குப் பின்னால விதை போடுறது வூட்டுப் பொம்பளைதானே, அவங்க முன்னால போயிட்டா விதை யாரு போடுறதுன்னு கேட்டான். அது நியாயமான கேள்விதான். நாங்கள் யாருமே அதை யோசித்திருக்கவில்லை. ஆண்டாயி போடலாம் என்றால் அவள் வேறு வீடு. அம்மா மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. அந்த முகத்தோடு அவளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிப்போக என்னால் முடியாது தமிழு. கூடையிலிருந்த விதைக்கடலையை எடுத்து வேட்டி மடியில் கட்டிக்கொண்டேன். வூட்டு ஆளு போடணும் அவ்வளவுதானே, நான் போடுறேன், நீ ஓட்டுன்னேன்.

ஊர் சிரித்ததா என்று கேட்டாய். சிரித்தது, நன்றாகச் சிரித்தது. மெஷின் புகையைக் கக்கிக்கொண்டு மாட்டைவிட வேகமாகப் போகிறது, நான் மடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து ஓடுகிறேன், கடலை ஒரு இடத்தில் கொத்தாக விழுகிறது, ஒரு இடத்தில் விழவே இல்லை. பாதி தூரத்துக்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அம்மா திருப்பத்தில் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தாள். அவளும் சிரித்தாள். மாட்டை விற்ற பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் ஊர் சிரித்தது எனக்குக் குறையாகவே படவில்லை, இன்னும் கொஞ்சம் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

ஒரு வாரத்துக்குள் கோடை மழை கொட்டியது. அது யாரால் வந்தது என்று இன்னும் ஊரில் வழக்கு நடக்கிறது. தான் மலைக்குப் போய் வேண்டிக்கொண்டதால் என்கிறான் சிங்காரவேலு, நாங்க தொட்டதால என்கிறாள் ஆண்டாயி. மேகத்திடம் கேட்க முடிந்தால் நான் கேட்டிருப்பேன். மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழ வேண்டுமே, அவசரத்துக்கு மெஷினை முதலில் கூப்பிட்டது யார் என்று நினைக்கிறாய், அந்தச் சிங்காரவேலுதான். இப்போது அம்மாவும் ஆண்டாயியும் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள், சாப்பிட வீட்டுக்கு வர நேரமில்லை, நான்தான் சோறு கொண்டுபோகிறேன். ரசம் தேறிவிட்டது.

தேர்தல் எல்லாம் முடிந்து போன வியாழக்கிழமை மேடம் பார்வையிட வந்தார். மெஷின் ஓடுகிறது என்றால் மட்டும் போதாதாம், ஆண்கள் பக்கம் என்ன மாற்றம் வந்தது என்று மேலே எழுதி அனுப்ப வேண்டுமாம். அம்மா மேடத்தைப் பிள்ளையார் கோயில் நிலத்துக்குக் கூட்டிப்போனாள். கடலை முளைத்து நிற்கிறது. மாட்டு ஏருக்குப் பின்னால் பெண்கள் போட்டதெல்லாம் கோலப்புள்ளி வைத்த மாதிரி வரிசை. முதல் வரிசை மட்டும் இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு சொட்டை. விதை சரியில்லையான்னு மேடம் கேட்டார். விதை நல்ல விதைதாங்க, உழவு சாலும் நேராத்தான் போயிருக்கு, போட்டது இவருன்னு அம்மா என்னைக் காட்டினாள். மேடம் குனிந்து அந்தச் சொட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு, இதைத்தான் எழுதப் போறேன்னார். அரசாங்கத்துக்கு இது விளங்குமான்னு கேட்டேன். எழுதிப் பாக்குறேன்னார். என் சொட்டையைப் போட்டோவும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், அது எந்த ஆபீஸ் வரைக்கும் போகிறதோ.

ரஞ்சன்குடிப் பக்கம் உனக்கு ஒரு பெண் சொல்லியிருக்கிறார்கள், நல்ல குடும்பம், பன்னிரண்டாவது படித்திருக்கிறாள். ஜாதகம் பார்க்குமுன் அந்தப் பெண்ணுக்குக் கையில் வலு இருக்கிறதா என்று கேளுங்கள் என்கிறாள் அம்மா. எதற்கு என்று புரிந்திருக்கும். குழந்தைவேலைக் கோபித்துக்கொள்ளாதே, அவன் கையில் அம்மா கொடுத்தனுப்பிய வெங்காய வடகத்தை முதலில் வாங்கிக்கொள், அவனே தின்று தீர்த்துவிடுவான்.

எனக்கு வரவேண்டிய ஏர் என்று கேட்டாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏர் நம் வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் அது இப்போது அம்மா கையில் இருக்கிறது. அவளுக்குப் பின் யாருக்கு என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் கேட்காதே. அடுத்த சித்திரைக்கு லீவு எழுதிப் போட்டு வா. வந்தால் உனக்கு விதைதான், என் இடுப்பு இனி தாங்காது. அங்கேயே குனிந்து நிமிர்ந்து பழகிக்கொள், சொட்டை விழுந்தால் ஊர் என்னைவிட உன்னைப் பார்த்துத்தான் அதிகம் சிரிக்கும்.

நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நீ நல்லபடி இருக்க எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உண்டு. வெறும் டீயோடு போகாதே.

இப்படிக்கு,
முதல் ஏருக்குப் பின்னால் விதை போட்ட உன் அப்பா,
முத்துசாமி